ஆலாபனையில் விழுந்த அடி

மயிலாப்பூர் போகும் டிராமில் என் முன் பெஞ்சில் ஒரு பாடகர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், மடியில் மிருதங்கத்தோடு அவருடைய பக்கவாத்தியக்காரர்.

"என் வயத்துல வாயு சேர்றதுக்கு நானேதான் காரணம்கறார் டாக்டர்" என்றார் பாடகர், ஊருக்கே கேட்கிற குரலில். நான் பேப்பரை மடித்து வைத்தேன். அதில் இவ்வளவு நல்ல சேதி இல்லை.

"எப்படியாம் அண்ணா?"

"பேசிண்டே அவசரமா சாப்பிடறேனாம். சாதத்தோட காத்தையும் முழுங்கறேனாம். போறாததுக்கு மொச்சையும் வாழைக்காயும் வேற. இனிமே கச்சேரியன்னிக்கு வெறும் ரசஞ்சாதம், நன்னா மென்னுதான் சாப்பிடுவேன். அப்புறம் ஓமத் தண்ணி. யார் உபசாரம் பண்ணினாலும் இலையை மூடிடுவேன். நடக்கவும் சொன்னார், இன்னிக்கு அதுக்கு நேரமில்லை."

"போன கச்சேரியில உங்க சத்தத்தை மறைக்கத்தான் ஆலாபனை நடுவுல ஓங்கி ஒரு அடி போட்டேன். அங்க மிருதங்கத்துக்கு ஏது வேலை? நான் தூங்கி விழுந்துட்டேன்னு ஊரே பேசறது."

"அதுக்குத்தானேப்பா இத்தனை பத்தியம்!"

"பத்தியம் பலிச்சாலும் சரி, பலிக்காட்டாலும் சரி. இன்னிக்கு ஆலாபனை முடியறவரைக்கும் நான் கையைக் கட்டிண்டுதான் உட்காருவேன்."

பாடகர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி, வேகவேகமாக நடக்க ஆரம்பித்தார்.