வளையாத தட்டு

இசைத்தட்டை எடுக்கும்போது விரல் ஓரத்தில்தான் படவேண்டும். ஐயா, உங்கள் ஏட்டையா நடுவில் பெருவிரலை ஊன்றித் தூக்குகிறார். முதலில் அதைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கேட்டதையெல்லாம் எழுதித் தருகிறேன்.

என் பெயர் தவசி. போடியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல் எல்லாவற்றுக்கும் என் குழாய்தான் கத்தும். அது சோற்றுக்கு. மனசுக்கு இசைத்தட்டு. அதிலும் அமெரிக்காவில் கறுப்பினப் பையன்கள் போடுகிற ஹிப்-ஹாப் தட்டுகள். பின்னால் திம் திம்மென்று இடி, முன்னால் ஒருவன் மூச்சு விடாமல் சண்டை பிடிப்பான். ஒரு வார்த்தை புரியாது. புரிகிற பாட்டையே தினம் பதினெட்டு மணிநேரம் கேட்டுச் சலித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இந்தக் கிறுக்கு போடியில் இரண்டே பேருக்கு. இன்னொருவன் சுருளிவேல். போடிமெட்டுக்கு மேலே ஆறு ஏக்கர் ஏலத்தோட்டம் அவனுக்கு. அவன் மச்சான் கப்பலில் வேலை பார்த்ததால் நியூயார்க் போகும்போதெல்லாம் தட்டு வாங்கி வருவான். எண்பத்தாறில் வந்ததுதான் உங்கள் மேசையில் இருக்கும் இந்தக் கறுப்பு உறைத் தட்டு. உலகத்திலேயே முந்நூறுதான் அச்சிட்டார்களாம். உறையைக் காட்டுவான், போட்டுக் காட்டமாட்டான். “கெடந்து ஏங்குடா மாப்ளே” என்பான். என்னிடமிருந்த நாற்பது தட்டையும் தருகிறேன் என்று இரண்டு வருஷம் கெஞ்சினேன். சிரித்தான். மற்றபடி தங்கமானவன். என் கல்யாணத்தில் எனக்குத் தோழனாக நின்றவன்.

போன வருஷம் மச்சான் சிடி போட்டுக் கேட்கிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதோடு சுருளிவேல் கெட்டான். கீறல் சத்தம் கிடையாது, ஊசி கிடையாது, ஆயிரம் தடவை போட்டாலும் தேயாது என்று ஒரே புராணம். தேய்வதுதான் பாட்டு, ஊசி உரசுகிற சூட்டில்தான் குரலுக்கு உயிர் வருகிறது, கேட்காமல் வைத்திருக்க அது என்ன பாத்திரமா என்று நான் சொல்வேன். சனிக்கிழமைதோறும் இதே வழக்குதான். அவன் பெண்சாதி அன்னக்கொடி, “நீங்க ரெண்டு பேருமே குடும்பம் நடத்துங்க” என்று காப்பியை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் தோட்டத்துக்கு வரச்சொன்னான். ஜீப் பிடித்துப் போனேன். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அன்றைக்குப் பச்சைக்காய் பரப்பியிருந்தார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஜன்னல் இல்லாத அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும், சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே ஓடும். கதவைச் சாத்தித் தாழ் போட்டால் முப்பது மணிநேரம் யாரும் திறக்கக்கூடாது. திறந்தால் காயின் பச்சை நிறம் போய்விடும். அங்கே அது சட்டம்.

சுருளிவேல் ஒரு கையில் சிடியும் ஒரு கையில் கறுப்பு உறையுமாக வந்தான்.

“ரெண்டையும் உள்ள வப்போம் மாப்ளே. நாளைக்கு எது வளையாம வருதோ அதுதான் ஒசத்தி.”

“வேணாம் மாப்ளே. அதுக்கு என்கிட்டயே குடுத்துரு.”

“ஒனக்கு எதுக்குடா? இனி அது வெறும் பிளேட்டு.”

வெறும் பிளேட்டு என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தட்டைக் கதவோரத்து வலை அடுக்கில் வைத்தான். சிடியை வைக்க அறையின் கோடிக்குப் போனான். நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். அந்த ஊரில் ஸ்டோர்க் கதவைத் திறந்துபோட்டு வருகிறவனைத்தான் திட்டுவார்கள். அதனால் தாழையும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் திறந்தால் தட்டைத் திருப்பிக் கேட்பான். கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும், அவனுடையது. அதையே யோசித்தபடி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பால் ஊற்றாத கட்டஞ்சாயா ஒன்று குடித்தேன்.

அடுப்புக்கு விறகு தள்ளுகிற மொக்கச்சாமி வந்தான்.

“அண்ணே, உள்ள தட்டுற மாதிரி இருக்கு. கத்துற மாதிரியும் இருக்கு.”

“சிடி ஓடுதுடா. அந்தப் பாட்டே அப்படித்தான். ஒங்க மொதலாளி ஓடவிட்டுட்டு போடிமெட்டு வரைக்கும் போயிருக்கான். கதவத் தொறந்துறாத, காய் வெளுத்துரும்.”

அவன் எத்தனையோ தடவை தோட்டத்தில் அந்தப் பாட்டைக் கேட்டுக் காதைப் பொத்தியவன், நம்பிவிட்டான். அன்றைக்குச் சிடிப் பெட்டி கீழே போடியில் சுருளிவேல் வீட்டு மேசைமேல் இருந்தது அவனுக்குத் தெரியாது. “எப்பத்தேன் முடியுமோ” என்று முனகிவிட்டு இன்னும் இரண்டு கட்டை தள்ளினான். அவன்மேல் தப்பில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தாளம் முதலில் சீராக இருந்தது. அப்புறம் விட்டு விட்டு வந்தது. நாலு மணிக்கெல்லாம் நின்றுவிட்டது. தட்டில் தூசி படாமல் துண்டில் சுற்றிக்கொண்டு ஐந்து மணி ஜீப்பில் இறங்கினேன்.

சாவுக்கு மைக் செட் நான்தான் போட்டேன். வாடகை வாங்கவில்லை. அன்னக்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, ஒங்களுக்கும் இனி பாட்டுக் கேக்கக் கூட்டுக்கு ஆருமில்லையே” என்று அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பந்தயத்தில் ஜெயித்தது சிடிதான். முப்பது மணிநேரச் சூட்டுக்குப் பிறகும் மச்சான் அதைப் பெட்டியில் போட்டபோது பிசிறில்லாமல் பாடியது. செத்தவனுக்குச் சேரவேண்டிய பேரைக் கெடுக்கமாட்டேன்.

ஓர் உயிரை எடுக்கிற அளவுக்கு இதில் அப்படி என்ன பாட்டு இருக்கிறது என்று கேட்டீர்கள். நல்ல பாட்டாகத்தான் இருக்கும். கைக்கு வந்து ஒன்பது நாளாகிறது, நான் இன்னும் போட்டுக் கேட்கவில்லை. ஊசி பட்டால் தேய்ந்துவிடும், ஐயா.