தொட்டி தின்ற பதினேழு கடிதங்கள்

காகிதத்தை வீணாக்குவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. ஒருபக்கம் எழுதிய தாளைக் கசக்கி எறிபவனைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். கழிவுக் காகிதத்திலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆலைக்கு என்னை மேலாளராகப் போட்டபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றே நினைத்தேன்.

வேலை எளிது. காகிதத்தைத் துண்டாக்கி, வெந்நீரில் கூழாக்கி, காற்றுப் புகாத தொட்டியில் விட்டால், உள்ளேயிருக்கும் நுண்ணுயிர்கள் தின்று செரித்து வாயுவை விடும். லீவு கேட்காது, முகம் சுளிக்காது. வேளாவேளைக்குத் தீனி வேண்டும், அவ்வளவுதான். பளபளப்பான விளம்பரத் தாள் ஆகாது. கையால் எழுதிய தாளென்றால் கொள்ளைப் பிரியம்.

வால்வுகளைப் பார்த்துக்கொண்டவர் என் தங்கையின் கணவர். தங்கமான மனிதர், வாய்தான் ஓயாது.

"மச்சான், மூணாவது வால்வுல வாஷர் தேஞ்சு போச்சு. வாயு கசியுது. ரெண்டு நாள் தொட்டியை நிறுத்தினா மாத்திடலாம்."

"எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க மாப்பிள்ளை."

ஆலையின் விதி அது; நான் போட்டதுதான். எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் நிறுத்தினால் என் பிள்ளைகள், நுண்ணுயிர்களைத்தான் சொல்கிறேன், பட்டினியில் வாடிப்போகும். பார்வையாளர்கள் வேறு வருவதாக இருந்தது. கடிதத்தைப் படித்தேன், தொட்டியில் போட்டேன். மறுநாளும் எழுதினார். அவர் விடாக்கண்டன் என்றால் நான் கொடாக்கண்டன். பதினேழு நாள், பதினேழு கடிதம், ஒன்றையும் வீணாக்கவில்லை. கடைசிக் கடிதம் நான்கு பக்கம். 'நம்ம பாப்பாவுக்காகவாவது' என்று தன் மகளைச் சொல்லிக் கெஞ்சியிருந்தார். அன்று வாயு நன்றாக ஏறியது. அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

பதினெட்டாம் நாள் காலை பார்வையாளர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வால்வு அறை இருட்டாகத் தெரிந்தால் நன்றாயிருக்காதே என்று, என் அறையிலிருந்தபடியே அங்கே விளக்கைப் போட்டேன். மாப்பிள்ளை உள்ளே வால்வைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தது தெரியும். கசிந்த வாயு வெடிக்க ஸ்விட்சின் ஒரு தீப்பொறி போதும் என்பதும் தெரியும். பதினேழு தடவை படித்திருக்கிறேனே.

"அண்ணா, அவர் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?" என்று சாவு வீட்டில் தங்கை கேட்டாள்.

"எழுத்துல ஒண்ணும் இல்லம்மா" என்றேன். பொய்யில்லை. நீங்களே தேடிப் பாருங்கள், ஒரு துண்டுகூடக் கிடைக்காது.

என் வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டீர்களா, இன்ஸ்பெக்டர்? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படித்துப் பார்த்ததும் என்னிடமே தந்துவிடுங்கள். ஒரு குடுவையில் கொஞ்சம் பிள்ளைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். பாவம், மூன்று நாளாகப் பட்டினி.