சூசை மேஸ்திரி வரப்பில் நின்ற காலை

முன்னால் அமர்ந்து இந்த இரங்கல் கூட்டத்தை நடத்தும் சவரிராயன் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் சங்கப் பெரியவர்களே, உப்பளம் பட்டறைத் தோழர்களே, டிராக்டர் ஓட்டுநர் தம்பிகளே, துணையை இழந்து உட்கார்ந்திருக்கும் ஆனந்தமேரி அம்மா அவர்களே, வணக்கம். சங்கச் செயலாளர் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு நல்ல வார்த்தை பேசி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வந்தேன். முடியவில்லை. மனசு அடங்க மாட்டேன் என்கிறது.

நம் டீசல் மேஸ்திரி சூசை அவர்கள் சாந்தமான மனிதரா? இல்லை. இறந்தவரைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டாம். வாயைத் திறந்தால் திட்டுவார். கோபம் தலைக்கேறினால் பிரெஞ்சுக்காரன் காலத்து மரியாதைச் சொல்லை வெளியே எடுத்து, "முசே, நீ ஓட்டுறது வண்டியா, எருமையா?" என்பார். அவரிடம் முசே பட்டம் வாங்காத ஓட்டுநர் இங்கே யாராவது உண்டா? இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

எழுபத்திரண்டாம் வருஷம் மில் வேலையை விட்டுப் பட்டறை போட்ட நாளிலிருந்து அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி, அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் தகட்டை மாற்றினால், அன்றோடு அவருக்கு வேலை முடியாது. புது கேஸ்கெட் சூட்டில் அமுங்கும், நட்டு தளரும். அதனால் வண்டி கொஞ்ச நாள் ஓடிய பிறகு அவரே தேடிப் போவார். இன்ஜினை நிறுத்தச் சொல்லி, முழுசாக ஆறவிட்டு, எல்லா நட்டுகளையும் நடுவிலிருந்து தொடங்கி மறுபடி முறுக்குவார். யாரும் கூப்பிட மாட்டார்கள். அவராகவே போவார். பிள்ளைச்சாவடியில் ஒரு விசைப்படகுக்கு அப்படித்தான் போய் மணலில் நின்றார். "எதுக்கு மேஸ்திரி, நல்லாத்தான ஓடுது?" என்று கேட்டவனிடம், "நடுக்கடல்ல நின்னா நீ எறங்கித் தள்ளுவியா, முசே?" என்றாராம்.

ஊசுட்டேரிப் பக்கத்து அந்தப் பழைய டிராக்டர், நம்ம தம்பி பாவாடை ஓட்டுகிற வண்டி, ரேடியேட்டரில் குமிழி விட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி நுரைத்திருந்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், இரண்டு சிலிண்டருக்கு நடுவே கேஸ்கெட் கருகிக் கிடக்கிறது. மேஸ்திரி பழையதைச் சுரண்டி எடுத்தார். ஹெட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் கோணல் பார்த்தார். புதியதைப் போட்டு மூடினார். "ஓட்டு. ஆனா நான் வந்து நின்னா வண்டிய நிறுத்திடணும்" என்று சொல்லி அனுப்பினார். பாவாடையும் தலையை ஆட்டினான்.

போன வாரம் மேஸ்திரி சொன்னபடி போய் வரப்பில் நின்றார். அன்று அந்த வயல்களுக்கு ஏரித் தண்ணீர் முறை முடிகிற நாள்; அதற்குள் உழுதாக வேண்டும். வண்டியை நிறுத்தினால் இன்ஜின் ஆறவே மதியம் தாண்டிவிடும். "இந்தத் துண்ட முடிச்சிட்டு நிறுத்திடறேன் மேஸ்திரி" என்றான் பாவாடை. அந்தத் துண்டு முடிந்தது. அடுத்த வயல்காரர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். பிறகு இன்னொருவர். மேஸ்திரி வெயிலில் அங்கேயே நின்றார். பாவாடை திரும்பி வரும்போது அவர் வரப்பில் சரிந்து கிடந்தார். கலப்பையைக் கழற்றி, டிரெய்லரை மாட்டி, அதே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

நேற்று சிலர் பாவாடையின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். அவனைச் சங்கத்தை விட்டு நீக்கு என்று என் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். அவன் அதோ கதவோரம் நிற்கிறான். பாவாடை, தலையைத் தூக்கு. நீ செய்தது தப்பு. நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. அதை மேடையிலிருந்தே சொல்கிறேன். ஆனால் உன்னை நீக்கச் சொல்பவர்களையும் கேட்கிறேன். கையை ஆட்டிக் கூப்பிட்டவர்கள் யார்? வயசான மனுஷன் வெயிலில் நிற்பதைப் பார்த்தும், 'அவரு நிப்பாரு' என்று தன் வேலையைப் பார்த்தவர்கள் யார்? மாரடைப்பு என்றார் டாக்டர். வண்டியை நிறுத்தியிருந்தால், நிழலில் உட்கார்ந்திருந்தால், பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என்னைப் போட்டு வாட்டுகிறது.

இங்கே வருவதற்கு முன் ஆனந்தமேரி அம்மாவைப் பார்க்கப் போனேன். படம் திறக்கிறோம், மாலை போடுகிறோம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர்கள் எதையும் காதில் வாங்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்கள்: "அந்த வண்டிக்கு யாராச்சும் போயி நட்டு டைட் வச்சிட்டு வந்தீங்களா?"

சபையோரே, யாரும் போகவில்லை. அழுதோம், சண்டை போட்டோம், சட்டையைப் பிடித்தோம், போகவில்லை. வேறு ஆள் ஏறி அந்த வண்டி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நட்டு தளர்ந்து மறுபடி எண்ணெயில் தண்ணீர் இறங்கினால், 'சூசை போட்ட கேஸ்கெட் தாங்கல' என்று ஊர் பேசும். வந்து பதில் சொல்ல அவர் இருக்கிறாரா? அந்தப் பேரை அவருக்கு நாம் வாங்கிக் கொடுக்கப் போகிறோமா?

இன்றிலிருந்து எந்த மேஸ்திரி வந்து நின்றாலும் வண்டி நிற்கும். யார் கூப்பிட்டாலும், எந்த முறைத் தண்ணீர் ஓடினாலும் நிற்கும். இதைச் சங்கத்தின் கட்டுப்பாடாக அறிவிக்கிறேன். மௌன அஞ்சலி இந்தக் கொட்டகையில் வேண்டாம். எல்லோரும் இப்போதே ஊசுட்டேரிக்குப் புறப்படுகிறோம். நட்டை நான் முறுக்குகிறேன். பாவாடை, நீ முன்னால் போ. உன் கையாலேயே அந்த இன்ஜினை நிறுத்து. அது ஆறுகிற வரைக்கும் நாம் எல்லோரும் அந்த வரப்பில் நிற்போம். வெயில் கடுமையாகத்தான் இருக்கும். யாரும் நிழலுக்கு ஒதுங்கக் கூடாது.