கல்யாணப் படத்துக்கு எந்த பல்பு

“வீட்டுல மாட்டுனா காமாலைக்காரி மாதிரி தெரியிறேன். வேற பிரிண்ட் கேட்கணும்.”

விளாங்குடியில் பஸ் ஏறி எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்த புதுப்பெண், மடியிலிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்துச் சொன்னாள். கணவன் அதை ஜன்னல் வெயிலில் திருப்பிக் காட்டினான்.

“இங்க பாரு, பிரிண்ட் நல்லாத்தான் இருக்கு. நம்ம ஹால் பல்புதான் மஞ்சள்.”

“அப்ப வெள்ளை பல்பு வாங்குவோம்.”

“வேணாம்டி. போன் டார்ச் அடிச்சுப் பாத்தேன். வெள்ளையில நீ அம்சமா இருக்க, நான் பேயறைஞ்சவன் மாதிரி இருக்கேன். மஞ்சள்லதான் நான் தங்கமாட்டம் தெரியிறேன்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“வெள்ளையே போடுங்க. உங்கம்மா வாரன்னைக்கு மட்டும் மஞ்சளை மாட்டிருவோம். அவுக எப்படியும் என்னையப் பார்க்கப் போறதில்ல.”