நல்ல விதை செய்த வம்பு

சித்தூர் பஸ்ஸில், சளி பிடித்த குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

இளையவள் சொன்னாள்: "விதை நல்ல விதைதானுங்க்கா. அதுதான் இப்ப வம்பாப் போச்சு."

"உன்ற அண்ணன் பொண்டாட்டி குடுத்த நெலக்கடலைதானே? மொளைக்கலைன்னு மிச்சத்தை அவ வாசல்லயே கொட்டிட்டு வந்தயே?"

"ஊட்டுல கெடந்த ஒரு கை விதையை டப்பா மண்ணுல போட்டேன், அத்தனையும் மொளைச்சிருச்சு. கடலை போட்ட காட்டுல ஈரம் காயாம இருக்கத் தைலமரத் தழை பரப்புனேனுங்களே, அதுல எறங்கற சாறு மொளைப்பை அமுக்கிரும்னு கிருஷி பவன்ல வெவசாய ஆபீசருங்க சொல்றாங்க."

"ஆவி புடிக்கற தழையா? அது நல்லதாச்சே!"

"எனக்கும் ஒண்ணும் புரியலீங்க்கா."

குழந்தைக்கு ஆவி பிடிக்க அதே தழை என் பையிலும் இருந்தது. பையைக் காலுக்கடியில் தள்ளினேன். மறுபடி எடுத்து மடியில் வைத்தேன்.

"இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு எங்கண்ணன் ஊட்டு வாசப்படி ஏறி நங்கையப் பாக்கறதுங்க?"

"தப்புன்னு வாயால சொல்லோணும்னு இல்ல. எறங்குனதும் நேரா அங்க போயி, இன்னொருக்கா விதை குடுங்கன்னு கேளு, போதும்." மூத்தவள் தன் பையிலிருந்த காய்களை மடியில் கொட்டிவிட்டு, வெறும் பையைக் கொடுத்தாள்.

எருத்தேன்பதியில் இளையவள் இறங்கி, பையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள்.

"செருகாத புள்ள!" மூத்தவள் ஜன்னல் வழியாகக் கத்தினாள். "அவளுக்குத் தெரியற மாதிரி கையில புடி!"