ஓடுபாதைக்கு வடக்கே ஒரு குன்று

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் கடையின் வாழையிலைச் சாப்பாடு நன்றாக இருக்கும். ரசத்தை மட்டும் கொஞ்சம் நீர்க்க வைப்பார்கள். கணினியில் விமானம் ஓட்டி விளையாடுகிற எங்கள் குழு மாதம் ஒரு ஞாயிறு அங்கேதான் கூடும். புனிதாவைக் கடைசியாகப் பார்த்ததும் அங்கேதான். அவள் எப்படிச் செத்தாள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். ஆனால் நான் பிரவினிலிருந்து தொடங்க வேண்டும்.

என் பெயர் ரெங்கசாமி. கிள்ளானில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு என் வேலை. கையுறையில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவோம். ஒரு சொட்டு கசிந்தாலும் குப்பைக்குத்தான். குழுவிலும் எனக்கு அதே வேலை. விளையாட்டோடு வருகிற மலேசியாவைப் பார்க்கச் சகிக்காது என்பதால், நம் ஆட்களே விமான நிலையங்களைச் செய்து எங்கள் இணையப் பக்கத்தில் இலவசமாகப் போடுவார்கள். நான் சோதித்துப் பச்சைக் குறி போட்டால்தான் மற்றவர்கள் தொடுவார்கள்.

செய்கிறவர்களின் லட்சணத்தைச் சொல்லி முடியாது. ஓடுபாதையில் மரம் முளைத்திருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம் தரையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். கேட்டால், "ஃப்ரீயா தர்றோம்லா அங்கிள், சும்மா கொற சொல்லாதீங்க" என்பார்கள். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். பல்லே இல்லாத மாட்டை ஏன் ஓட்டிக்கொண்டு வருகிறாய்? வாங்கிக்கொள்கிறவர்கள் அதைவிட மோசம். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற கூட்டம்.

பிரவினுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஏதோ அலுவலக வேலை. சுங்கை பூலோவைத் தாண்டித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன ஓடுபாதையைச் செய்தான். பறக்கப் பழகுகிறவர்கள் நிஜமாகவே வந்து இறங்கும் இடம் அது. நான் பச்சைக் குறி போட்டேன். சில வாரம் கழித்துத் திருத்திய பதிப்போடு வந்தான்.

"அங்கிள், தரையச் சமப்படுத்தக் கோடு போட்டப்ப அகலமாப் போட்டுட்டேன். வடக்கால இருக்கிற குன்னும் சேர்ந்து தட்டையாயிருச்சு. இப்ப சரி பண்ணிட்டேன், சீக்கிரம் பாஸ் பண்ணுங்க."

குன்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் சுற்றிலும் தென்னையை நட்டு வைத்திருந்தான். அங்கே இருப்பது எண்ணெய் எடுக்கிற செம்பனை. தோட்டத் தொழிலாளியின் பேரனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. திருப்பி அனுப்பினேன். "குன்னுதான் முக்கியம், மரத்த அப்புறம் மாத்துறேன்" என்றான். அப்புறம் என்ற சொல்லே தரக் கட்டுப்பாட்டில் கிடையாது. மறுபடி அனுப்பினான், மறுபடி திருப்பினேன். கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டான். என் அனுமதி இல்லாமல் இணையப் பக்கத்தில் எதையும் மாற்ற முடியாது. குன்று இல்லாத பழைய பதிப்பு, பச்சைக் குறியோடு அப்படியே இருந்தது.

புனிதா விமானப் பள்ளி மாணவி. எங்கள் குழுவில் நிஜ விமானம் ஓட்டியவள் அவள் ஒருத்திதான். அந்த ஓடுபாதைக்குத் தனியாகப் பறக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. ஆசிரியரோடு போனபோதெல்லாம் தெற்கிலிருந்தே இறங்கினாளாம். வடக்குப் பக்கத்தை வீட்டில், பிரவினின் பழைய பதிப்பில் பழகிக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசி ஞாயிறு, சாப்பாட்டில் மோர் வந்த நேரத்தில் என்னிடம் கேட்டாள்.

"அங்கிள், வடக்கால தாழ்வா வந்து எறங்கிப் பார்த்தேன். ஒரு தடையும் இல்ல, ஈஸியா இருக்கு. நெஜத்திலயும் அப்படித்தானா?"

"பச்சக் குறி போட்டிருக்கேன்லம்மா" என்றேன்.

"நீங்க பார்த்தாச்சுன்னா சரிதான் லா" என்று சிரித்தாள்.

அவள் பறந்த அன்று காற்று திசை மாறியது; காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும் என்பதால் வடக்கு வழிதான் மிச்சம். வழியில் புகைமூட்டமும் இறங்கியது. வடக்கிலிருந்து, பழகியபடியே தாழ்வாக வந்தாள். நல்ல மாணவி. குன்றின் மேல் செம்பனைகளுக்கு நடுவே அவளைக் கண்டெடுத்தார்கள். வரைபடம் இருக்க, விளையாட்டை நம்பிப் பறக்கலாமா என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

முதல் பதிப்பிலும் தென்னைதானே இருந்தது என்று கேட்கிறீர்கள். ஆமாம். தென்னையும் என் கண்ணில் படவில்லை, குன்று இல்லாததும் படவில்லை. அன்று வேலைக் களைப்பு; ஓடுபாதையை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குறி போட்டேன். அவள் கேட்டபோது குன்று என் நினைவில் இருந்தது. அவள் எங்கே பறக்கப் போகிறாள் என்பதும் தெரியும். அங்கே குன்று இருக்கிறதம்மா என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால், ரெங்கசாமி பார்க்காமலே குறி போட்டான் என்று ஆகிவிடும். மேசையில் குழுவே உட்கார்ந்திருந்தது. அத்தனை பேர் முன்னால், நீங்களே சொல்லுங்கள், அதை எப்படிச் சொல்வது?