நடுவரை வீழ்த்திய மல்லன்

மல்லரங்கின் மணலினும் அகன்ற மனத்தோடு இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் வட்டாரத் தலைவர் அவர்களே! என் பேச்சின் நீளம் தெரிந்தும் முன்வரிசையில் துணிந்து அமர்ந்திருக்கும் இமாம் அவர்களே! பெற்ற பிள்ளை மல்லுக்கு இறங்கும்போது முக்காட்டால் முகத்தை மூடி, விரலிடுக்கில் முழு ஆட்டத்தையும் பார்த்துவிடும் தாய்மார்களே! நம் தெஸ்ஸாவா ஊரின் தோள்களே, தொடைகளே, அவற்றைச் சுமந்து நிற்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் பழைய மல்லன் ஹாருனாவின் ஸலாம்!

வெயில் காலம் வந்துவிட்டது, பயிற்சி தொடங்கப் போகிறது. "தண்ணி குடிக்கிறத பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று என்னை மேடையேற்றிவிட்டார்கள். இரண்டு வார்த்தையா? என்னிடமா? (யாரப்பா அங்கே, "விடிஞ்சுரும்" என்கிறவன்? உட்கார்! உன் மாமனார் பின்னால்தான் இருக்கிறார்.)

தஸ்ஸியு, எழுந்து நில்லப்பா! பார்த்தீர்களா? அவன் எழுந்தால் நாலு பேருக்கு நிழல் கிடைக்கிறது. அவனும் நானும் பரம வைரிகளாக இருந்தோம். ஒரு கோடையில், இறுதிப் போட்டியில், தண்ணீரே குடிக்காமல் வந்தான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நான் தொட்டேன், அவன் விழுந்தான். போட்டிப் பரிசான வெற்றி வாள் என் வீட்டுக்கு வந்தது. அன்றே சபதம் செய்தான்: "அடுத்த வருசம் கிணத்தையே குடிச்சிட்டு வரேன்டா!"

சொன்னதைச் செய்தான். அதுதான் சங்கடம்! பானை பானையாய்க் குடித்தான். குடித்ததோடு விட்டானா? தாயத்துக்காரன் ஒருவன் பேச்சைக் கேட்டு உப்பையும் விட்டான். அவன் மனைவி டேலு சண்டையே போட்டாள்.

"உப்பில்லாத குழம்பு எப்படிய்யா எறங்கும்?"

"உப்பு சேந்தா தாயத்தோட சக்தி போயிருமாம்டி."

"தாயத்து கையில கெடக்கு, உப்பு வாயில போகுது. ரெண்டும் எந்த ஊர்ல சந்திக்குது?"

நியாயமான கேள்வி. அவனோ தாயத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டான். உப்பைத் தொடவில்லை.

அடுத்த ஆண்டு, இறுதிப் போட்டி நாள். மணல் கொதிக்கிறது, முரசு அதிர்கிறது. குடித்த தண்ணீரில் வயிறு குலுங்க வருகிறான் தஸ்ஸியு. வந்தவன் முரசுக்காரரின் கையைப் பிடித்து, "அத்தை, சௌக்கியமா?" என்றான். கூட்டம் சிரித்தது. என்னைக் கேலி செய்கிறான் என்று நான் பல்லைக் கடித்தேன். ஊதல் ஒலித்தது. பாய்ந்தான்! யார் மேல்? என் மேலா? இல்லை ஐயா, இல்லை! கம்பந்தட்டை போன்ற நம் நடுவர் பல்லா மேல்! தூக்கினான், சுழற்றினான், மல்லாக்கப் போட்டான். அத்தனை அழகான பிடியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"டேய்! நான் நடுவர்டா!"

"தோத்தவனெல்லாம் இதத்தான்யா சொல்றான்!"

அரங்கமே உருண்டு சிரித்தது. பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். கண்கள் என்மேல்தான் இருந்தன. ஆனால் அந்தக் கண்களுக்குள் ஆள் இல்லை. "அண்ணே... தலை வெடிக்குதுண்ணே" என்றான். என்னை அண்ணன் என்று அவன் அழைத்ததே இல்லை. முழங்கால் மடிந்தது. ஓடிப்போய்த் தாங்கினேன்.

முழங்கால் மண்ணைத் தொட்டால் அவன் தோற்றான். நான் கையை எடுத்தால் போதும், வாள் மறுபடி எனக்கு! "விட்ருடா ஹாருனா!" என்றது ஒரு பக்கம். "கல்யாணமாடா நடக்குது, கட்டிப்புடிச்சிட்டு நிக்கிற?" என்றது மறுபக்கம். அப்போது டேலு அரங்குக்குள் ஓடிவந்தாள். "விட்றாதீங்கண்ணே! காலையிலருந்து வாந்தி. என் பேரே அவருக்குத் தெரியல!"

நான் விடவில்லை. தலைவர் ஐயாவின் வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வழியில் அவன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. டேலு அழவில்லை, அவன் தலையை மடியில் இறுக்கிக்கொண்டு அவன் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மருத்துவர் அம்மா சொன்னார்: "வேர்வையில உப்பு போயிருச்சு. மிச்சமிருந்ததையும் குடிச்ச தண்ணி நீர்க்க வச்சிருச்சு. மூளை வீங்குது." உப்பு நீரை ஊசிவழியாக, அளந்து அளந்து, மெல்ல மெல்ல ஏற்றினார்கள். மாலைத் தொழுகைக்கு அழைப்பு கேட்டபோது அவன் கண் திறந்தான்.

"யாரு ஜெயிச்சா?"

டேலு சொன்னாள்: "அது தெரியாது. பல்லா தோத்தாரு."

இளைஞர்களே! தண்ணீர் இல்லாமல் தசை இறுகியது. உப்பில்லாமல் தண்ணீர் மட்டுமே உள்ளே போனபோது தலை கிறுகிறுத்தது! வியர்வையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கிறதா இல்லையா? கரிப்பது வெளியே போனால் கரிப்பது உள்ளே வர வேண்டாமா? தாகத்துக்குக் குடியுங்கள், சபதத்துக்குக் குடிக்காதீர்கள்! உப்புப் போட்ட சோற்றை உண்ணுங்கள்! கம்பும் தயிரும் கரைத்த கூழில் ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள்! வாந்தி, தலைவலி, பேச்சுத் தடுமாற்றம் என்றால் கைதட்டிச் சிரிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்! அன்று நாம் சிரித்துக்கொண்டே ஒரு மனிதனை இழக்கப் பார்த்தோமே!

மறு ஆண்டு அதே அரங்கில் தஸ்ஸியு என்னைத் தூக்கி அடித்தான். வாய் நிறைய மணல். நெஞ்சின் மேல் அவன். என் மனைவி கத்தினாள்: "தோத்துப்போய் என்னய்யா சிரிப்பு?" எப்படிச் சொல்வேன் அவளுக்கு? துவண்டுபோன அந்த உடம்பை ஒருநாள் நான் தாங்கியிருக்கிறேன் ஐயா! அன்றைக்கு அது மலையாய்க் கனத்தது. உயிரும் திமிருமாய் என்னை அமுக்கியபோது, பஞ்சாய் இருந்தது! பஞ்சாய் இருந்தது!

முரசுக்காரரின் விரல் துடிக்கிறது. இமாமுக்குக் கொட்டாவி வருகிறது. பொறுத்த செவிகளுக்கு நன்றி; இறங்கப்போகும் தோள்களுக்கு வாழ்த்து. ஸலாம்!